பிளக்கில் பவர் இல்லை, பவுசுதான் இருக்கிறது

“பிளக் செட்ட மாத்தினேன் மச்சான், வாகனம் இப்ப பறக்குது.”

இந்த வசனத்தை இந்த ஒரு வருடத்துக்குள் எத்தனை தரம் கேட்டுவிட்டோம். புத்தளம் டவுனில் கேட்டோம், பாலாவிச் சந்தித் தேநீர்க்கடையில் கேட்டோம், கெம்பஸ் விட்டு லீவுக்கு வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவரிடமும் கேட்டோம். சொல்கிறவர்கள் எல்லாரும் எங்கள் வயதுப் பொடியன்கள்தான். அவர்களோடு எங்களுக்குக் கோபமில்லை. அந்த வசனத்தோடு கோபம் இருக்கிறது, ஏனென்றால் அது பொய். அதை நம்பி எங்கள் பொடியன்கள் காசை இழக்கிறார்கள். எங்களில் ஒருவனின் நானா உயிரையே இழக்கப் பார்த்தார்.

முதலில் பொய்யை உடைப்போம். ஸ்பார்க் பிளக் பவர் தராது. பவர் எரிபொருளிலும் காற்றிலும் இருக்கிறது. பிளக்கின் வேலை அந்தக் கலவைக்குச் சரியான நேரத்தில் நெருப்பு வைப்பது மட்டும்தான். அடுப்பு ஒரு குச்சியில் பற்றிவிட்டால் பத்துக் குச்சி சேர்த்துக் கிழித்தாலும் சோறு சீக்கிரம் வேகாது. அதே கணக்குத்தான். பிளக் ஒழுங்காகப் பற்றவைக்கிற இஞ்சினில் அதைவிட விலை கூடிய பிளக் போட்டால் பற்றுவது அதே கலவைதான்.

அப்போ மாற்றியவனுக்கு வித்தியாசம் தெரிகிறதே? தெரியும். பழைய பிளக் தேய்ந்து, முனை உருண்டு, கெப் விரிந்து, நூறு தரத்தில் சில தரம் பற்றாமல் போய்க்கொண்டிருந்தது. புதுசு போட்டதும் தொலைந்த பவர் திரும்பி வந்தது. அவனுடைய சொந்தப் பவரை அவனுக்கே விற்றிருக்கிறார்கள். சாதாரண நிக்கல் பிளக் போட்டிருந்தாலும் அதே “பறப்பு” வந்திருக்கும்.

இந்த வியாபாரம் இப்போது ஏன் இவ்வளவு சூடு பிடித்தது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான், அதுவும் சாமானியன் தொட முடியாத வரியோடு. இடையில் ஐந்து வருடம். பத்து வருடம் ஓடிய கார் தங்க விலைக்குப் போனது. புதுசு வாங்க முடியாத இளைஞன் பழசை “அப்கிரேட்” பண்ணத் தொடங்கினான். சைலன்சர், ஏர் ஃபில்டர், ஸ்டிக்கர், கடைசியில் பிளக். இருக்கிறதில் மலிவான கனவு பிளக்தான். அதனால்தான் அது அதிகம் விற்கிறது.

இனி நானாவின் கதை. அவரிடம் 660 சிசி டர்போ கார் ஒன்று இருக்கிறது. ஜப்பான்காரன் இந்தச் சின்னக் கார்களுக்கு 64 குதிரைவலு என்று ஒரு எல்லை வைத்திருக்கிறான். சிறிய இஞ்சினிலிருந்து அவ்வளவையும் எடுப்பது டர்போவின் அழுத்தம். நானா ஒரு கடையில் இரிடியம் பிளக் மூன்று வாங்கினார். கடைக்காரர் சொன்னது: “இது ரேஸ் பிளக். கெப் எல்லாம் கம்பனியிலேயே செட் பண்ணித்தான் வரும். அப்படியே பூட்டுங்க.” அப்படியே பூட்டினார். டவுனுக்குள் மெதுவாக ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை.

பாலாவியிலிருந்து கல்பிட்டி போகிற பாதையில் வெங்காய லொறியொன்றை முந்த ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தார். பாதி லொறியைத் தாண்டிய இடத்தில் கார் இருமியது. இழுவை செத்துப்போனது. எதிரே பஸ். லொறிக்காரர் பிரேக் அடித்து இடம் விட்டபடியால் இன்றைக்கும் நானா நானாவாக இருக்கிறார்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தவர் கார் பாஸ் இல்லை, கரையில் போட் இஞ்சின் திருத்துகிற ஒரு மாமா. பெட்டியில் இருந்த எண்ணைப் பார்த்தார். கடைசியில் 11 என்று இருந்தது. “இது 1.1 கெப் மகன். டர்போ இல்லாத வாகனத்துக்கு வெச்சது. உன்ட வாகனத்துக்கு இது அகலம்.” வேறொன்றும் சொல்லவில்லை. காரின் கையேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தோம். அதில் இருந்த அளவு 0.7.

ஏன் அகலம் கூடாது? இரண்டு முனைகளுக்கு நடுவே மின்பொறி பாய வேண்டுமானால் நடுவில் உள்ள வாயுவை உடைக்க வேண்டும். இடைவெளி கூடினால் வேண்டிய வோல்டேஜ் கூடும், வாயுவின் அழுத்தம் கூடினாலும் கூடும். 1889இல் ஃபிரெட்ரிக் பாஷன் என்ற ஜெர்மன்காரர் கண்டது இதுதான். மெதுவாக ஓட்டும்போது சிலிண்டருக்குள் காற்றுக் குறைவு, 1.1ஐயும் பொறி தாண்டிவிடும். முழுசாக மிதித்து டர்போ காற்றைத் திணிக்கும்போது அதே 1.1ஐத் தாண்டக் கொயிலுக்கு வலு காணாது. பொறி இல்லை, நெருப்பு இல்லை, இழுவை இல்லை. பவர் உனக்கு மிக அவசியமான நொடியில்தான் பிளக் உன்னைக் கைவிடும். எரியாத பெற்றோல் சைலன்சருக்குள் போய் கெட்டலிட்டிக் கன்வேட்டரையும் எரிக்கும். “ரேஸ் பிளக்” செய்த வேலை இது.

“அப்போ எல்லாருக்கும் கெப்பைக் குறைத்துவிட்டால் சரிதானே?” இல்லை. குறைத்தால் பொறி சின்னதாகும். மெதுவாக ஓடும்போது, கலவை மெலிந்திருக்கும்போது பற்றாமல் போகும். அதனால்தான் டர்போ இல்லாத பல கார்களுக்கு 1.0, 1.1 என்று அகலமாக வைத்திருக்கிறார்கள். டர்போ அழுத்தத்தைக் கூட்டி டியூன் பண்ணினவர்கள்தான் 0.7, 0.6 என்று இறங்க வேண்டும். பொறி நின்று எரியும் மிக அகலமான அளவை வைத்துக்கொள், முழு மிதியில் இருமினால் கொஞ்சம் குறை. இதுதான் விதி. சரியான எண் உன் இஞ்சினுக்குரியது, கடைக்காரருடைய வாய்க்குரியது இல்லை.

அடுத்த பொய் வெப்ப எண்ணில் இருக்கிறது. “கூல் பிளக் போடு, ரேஸ்காரன் அதைத்தான் போடுறான்.” கூல் பிளக் என்றால் குளிரான பொறி என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பொறிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிளக்கின் முனையில் சேரும் சூடு எவ்வளவு வேகமாக சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்தப்படுகிறது என்பதே கணக்கு. முனையைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு வெளியேற நேரமெடுக்கும், அது ஹொட் பிளக். மூக்குக் கட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கும், அது கூல் பிளக். முனை ஏறத்தாழ 450 பாகை செல்சியஸுக்குக் கீழே இருந்தால் கரியைத் தானே எரித்துச் சுத்தப்படுத்தாது. 850ஐத் தாண்டினால் பொறி வருமுன்னே அந்த முனையே கலவையைப் பற்றவைக்கும், பிஸ்டன் உருகும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் நிற்கும் பிளக்தான் உனக்குச் சரியான பிளக்.

டியூன் பண்ணி நிஜமாகவே 75, 100 குதிரைவலு கூட்டினவர் ஒரு எண் கூல் பக்கம் போகலாம் என்பது என்ஜிகே கம்பனியின் பொது வழிகாட்டல். எங்கள் பொடியன்கள் கூட்டியது ஸ்டிக்கர் மட்டும். அந்த இஞ்சினில் கூல் பிளக் போட்டு முந்தலுக்கும் புத்தளத்துக்கும் பால் பக்கெட் வாங்கப் போய் வந்தால் முனை சூடேறாது, கரி பிடிக்கும், காலையில் ஸ்டார்ட் வராது. ரேஸ்காரன் அரை மணித்தியாலம் முழு மிதியில் ஓடுகிறான், நீ சிக்னலில் நிற்கிறாய்.

இதிலும் ஒரு பொறி உண்டு. என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடினால் கூல். போஷ், சம்பியன் இரண்டிலும் எண் கூடினால் ஹொட். தலைகீழ். என்ஜிகே 6 என்றால் டென்சோவில் 20, 7 என்றால் 22. கம்பனி மாற்றும்போது எண்ணை மட்டும் பார்த்து “கொஞ்சம் கூட்டிப் போடு” என்றால் எந்தப் பக்கம் போகிறோம் என்றே தெரியாது. எத்தனை கடைகளில் இந்த ஒப்பீட்டு அட்டவணை சுவரில் தொங்குகிறது? நாங்கள் போன எந்தக் கடையிலும் காணவில்லை. நான்கு கால் உள்ள பிளக்கைக் காட்டி “நாலு ஸ்பார்க் அடிக்கும்” என்று விற்றதைக் கண்டோம். அடிக்காது. ஒரு நேரத்தில் ஒரு காலுக்குத்தான் பொறி பாயும், மற்றவை தேய்மானத்தைப் பங்குபோடத்தான்.

இரிடியத்தையே கெட்டது என்கிறோமா? இல்லை, நியாயத்தைச் சொல்ல வேண்டும். இரிடியம் 2,400 பாகைக்கு மேலேதான் உருகும், நிக்கல் 1,455இல் உருகிவிடும். அதனால் முனையை அரை மில்லிமீற்றர் அளவுக்கு மெல்லியதாகச் செய்யலாம். மெல்லிய முனையில் பொறி குறைந்த வோல்டேஜிலேயே பாயும், தேய்வும் குறைவு. அடிக்கடி பிளக் கழற்ற முடியாத இஞ்சினுக்கு அது நல்ல காசு. நீண்ட ஆயுளுக்காக வாங்குங்கள், பவருக்காக வாங்காதீர்கள். வாங்கினால் அந்த மெல்லிய முனையில் கம்பித் தூரிகை போடாதீர்கள். காசு மாதிரி வட்டமான கேஜை நெம்பி உள்ளே தள்ளாதீர்கள், முனை முறியும். கம்பிக் கேஜால் அளந்து, வெளிக் காலை மட்டும் மெதுவாக வளைக்க வேண்டும். நடு முனையைத் தொடவே கூடாது. “இரிடியத்துக்குக் கெப் பார்க்கவே கூடாது” என்பதும் பாதி உண்மைதான். அளக்கலாம், அளக்கத்தான் வேண்டும். கையேட்டு அளவோடு பொருந்தினால் விட்டுவிடுங்கள். வித்தியாசம் பெரிதென்றால் வளைத்துச் சரிக்கட்டப் பார்க்காமல் சரியான எண்ணை வாங்குங்கள்.

பூட்டும்போது கையால் கடைசிவரை சுற்றி, புது வாஷர் என்றால் அதற்குப் பிறகு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று. பொதுவான 14 மில்லிமீற்றர் புரிக்கு அது போதும். அலுமினிய ஹெட்டில் வீரம் காட்டினால் புரிதான் கழன்று வரும்.

இவ்வளவும் காருக்கு. ஆனால் இந்தக் கரையில் நின்றுகொண்டு “ஹை பெர்ஃபோமன்ஸ்” என்றால் காரை மட்டும் பேசுவது எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. கணக்குப் பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக் ரேஸ் கார் நிமிடத்துக்கு 8,000 சுற்று ஓடினால் ஒரு சிலிண்டரில் 4,000 தரம் பற்றும். கண்டக்குழியிலிருந்தோ உடப்பிலிருந்தோ போகும் பைபர் போட்டின் இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின் 5,000 சுற்று ஓடினால் 5,000 தரம் பற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் நெருப்பு, முனைக்கு ஆறுதலே இல்லை. அதுவும் ஒயில் கலந்த எரிபொருளில். அதுவும் பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, மணிக்கணக்காக ஓட்டுகிறார்கள். மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது, கரி பிடிக்கும். மாவட்டத்தில் மிகக் கடுமையான வேலை செய்கிற பிளக் எதுவென்றால் அந்தப் போட்டில் உள்ள பிளக்தான். பளபளக்கும் ஸ்டிக்கர் அதற்கு இல்லை.

நடுக்கடலில் பிளக் செத்தால் லொறிக்காரர் இடம் விட மாட்டார், கச்சான் காற்றும் நீரோட்டமும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் போட்டில் போகிற எங்கள் வாப்பாமாரும் அப்பாமாரும் புதுப் பிளக் ஒன்றையும் பிளக் ஸ்பானரையும் பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறார்கள். கழற்றிய பிளக்கைக் கையில் வைத்து நிறம் பார்க்கிறார்கள். தேயிலைச் சாயம் போலப் பழுப்பு என்றால் சரி. காய்ந்த கரி என்றால் எரிபொருள் கூட, அல்லது பிளக் கூல். ஈரமான ஒயில் என்றால் வேறு வியாதி. பீங்கான் வெளுத்துக் கொப்புளித்திருந்தால் சூடு கூட, உடனே இஞ்சினை இறக்கு. இது படிப்பு. நாங்கள் கலைப்பீடத்தில் “பிரதியை வாசிப்பது” என்று மூன்று வருடம் படிக்கிறோம், ஒரு பிளக்கை வாசிக்கத் தெரியாமல் நானாவை லொறிக்கு முன்னால் அனுப்பினோம்.

அந்தப் பிளக்கில் அரசாங்கத்தின் கையும் இருக்கிறது. 2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெய் விலை ஒரேயடியாக ஏறியபோது சிலாபத்தில் மீனவர்கள் வீதிக்கு இறங்கினார்கள், துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தார். 2022 ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது, கிட்டத்தட்ட நான்கு மடங்கு. எரிபொருள் அப்படி ஏறினால் மனிதன் எங்கே மிச்சம் பிடிப்பான்? பிளக்கில் பிடிப்பான். மாற்ற வேண்டியதை உரசி மறுபடி போடுவான். பெட்டி மட்டும் நல்ல பெயராக இருக்கும் போலியை மலிவு என்று வாங்குவான். பிறகு ஒருவர் கடலில் காணாமல் போனால் “கவனயீனம்” என்று எழுதுவார்கள். கவனயீனம் யாருடையது என்று நாங்கள் கேட்கிறோம்.

“கரையில் உள்ளவர்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடாதீர்கள், அவர்களும் குத்துமதிப்பாகத்தானே கெப் வைக்கிறார்கள்?” என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. பல கராஜ்களில் கெப் அளப்பது வாள் அலகால். இரும்பு வெட்டும் வாள் அலகு 0.6 மில்லிமீற்றரும் கொஞ்சமும் தடிப்பு. பழைய போட் இஞ்சினுக்கும் பழைய மோட்டார் சைக்கிளுக்கும் அந்த அளவு ஓரளவு பொருந்திப் போவதால்தான் அந்த வழக்கம் உயிரோடு இருக்கிறது. அதே வாள் அலகை 1.1 கேட்கிற காரில் வைத்தால் பிழை. வாள் அலகு முட்டாள்தனத்தால் வந்ததில்லை, கேஜ் கைக்கு எட்டாத இடத்தில் வந்த புத்திசாலித்தனம். ஆனாலும் கேஜின் இடத்தை அது பிடிக்காது. ஃபீலர் கேஜ் ஒன்று ஒரு பிளக்கைவிடப் பெரிய விலை இல்லை. பாஸ்மாரைப் புகழ்ந்துவிட்டுப் போவது எங்கள் நோக்கமில்லை. அவர்கள் கையில் அளவுகோலும், அவர்கள் மொழியில் கையேடும் இருக்க வேண்டும் என்கிறோம்.

கையேடு என்றதும் மூலத்துக்கு வருகிறோம். வாகனத்தோடு வரும் புத்தகம் ஜப்பான் மொழியில் இருக்கிறது. போட் இஞ்சினோடு வருவது ஆங்கிலத்தில். பெட்டியில் உள்ள எண்ணுக்கு விளக்கம் எந்த மொழியிலும் இல்லை. தமிழில் வாசிக்கிற ஒருவனுக்கு மிச்சம் இருப்பது கடைக்காரரின் வாய்தான். அந்த வாய் “ரேஸ் பிளக்” என்று சொன்னால் அதுவே வேதம். பொய் பரவுவது பொடியன்கள் முட்டாள்கள் என்பதால் இல்லை, உண்மை அவர்கள் மொழியில் எழுதப்படாததால். எழுதத் தெரிந்தவர்கள் யார்? நாங்கள்தான். கலைப்பீடக்காரர்கள். எங்கள் ஊரின் அறிவை எழுதச் சொன்னால் கரைவலையைப் பற்றி உருகி உருகி எழுதுகிறோம். வலையை விட்டு இஞ்சினுக்கு மாறி எத்தனை காலம்! இஞ்சினைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறோமா? இந்தக் குற்றத்தில் முதல் கூண்டில் நிற்பது நாங்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள். கடைக்காரர்களே, பிளக் விற்கும்போது எந்த வாகனம், எந்த வெப்ப எண், எந்தக் கெப் என்று பில்லிலே தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுங்கள். எழுதிய பிறகு “எல்லாத்துக்கும் சரி” என்று சொல்ல முடியாது. கடற்றொழிலைக் கவனிக்கும் அதிகாரிகளே, பாதுகாப்பு அங்கி பற்றிப் பேசும் கூட்டத்தில் பிளக் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள், ஆளுக்கொரு கேஜ் கொடுங்கள். நாங்கள் செய்யப்போவது: என்ஜிகே, டென்சோ, போஷ், சம்பியன் எண்களின் ஒப்பீட்டை ஒரே தாளில் தமிழில் எழுதி, போட் மாமா சரிபார்த்த பிறகு கல்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும் கராஜ் சுவர்களில் ஒட்டுவோம். பிழை இருந்தால் திருத்துங்கள்.

பொடியன்களே, அடுத்த தடவை யாராவது “பிளக் மாத்தினேன், பறக்குது” என்றால் சண்டை பிடிக்க வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். எண் என்ன? கெப் எவ்வளவு? அளந்தது யார்? மூன்றுக்கும் பதில் இருந்தால் அவனோடு ஏறிப் போங்கள். இல்லையென்றால், கல்பிட்டிப் பாதையில் அவன் லொறியை முந்துகிற அன்றைக்கு நீங்கள் பஸ்ஸில் வாருங்கள்.

நானாவின் காரில் இப்போது 0.7 கெப்பில் சாதாரண பிளக் மூன்று இருக்கின்றன. அந்த இரிடியம் மூன்றும் வீட்டு மேசை லாச்சியில் கிடக்கின்றன. கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை.